இங்கிலாந்துக் கிராமத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: பாரிஷ் கவுன்சிலின் ஓராண்டு

லண்டனிலும் லெஸ்டரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சில இப்போது இங்கிலாந்தின் சின்னக் கிராமங்களில் வீடு எடுக்கின்றன. பக்கத்து ஊர் மருத்துவமனையில் வேலை, முதியோர் இல்லத்தில் வேலை, வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை என்று காரணம் பல. வந்து சில மாதங்கள் ஆனதும் கேள்விகள் கிளம்பும். விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் உடைந்திருக்கிறதே, யாரிடம் சொல்வது? பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லையே, யார் போட வேண்டும்? வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் போட ஒரு துண்டு நிலம் கிடைக்குமா? இவை எல்லாவற்றுக்கும் பதில் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் பாரிஷ் கவுன்சில்.

புதிதாக வருபவர்கள் சரியான விஷயத்தைச் சரியான ஆளிடமே கேட்டுவிட்டு, தவறான மாதத்தில் கேட்டதால் வெறுங்கையோடு திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். இந்தக் கவுன்சிலின் ஆண்டுக்கென்று ஓர் ஓட்டம் இருக்கிறது. அது தெரிந்தால் சின்ன ஊரில் ஒரு சாதாரண ஆள் செய்ய முடிகிற வேலை வியக்கும் அளவுக்கு இருக்கும்.

இது என்ன அமைப்பு

பெயரில் 'பாரிஷ்' இருப்பதால் தேவாலயத்தைச் சேர்ந்தது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். ஊர்ப் பொது வேலைகளைத் தேவாலயத்தின் கையிலிருந்து எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களிடம் கொடுத்தது 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். அன்றிலிருந்து இது எந்த மதமும் சாராத அமைப்பு, உள்ளாட்சியின் கடைசிப் படி. இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 பாரிஷ் மற்றும் டவுன் கவுன்சில்கள் உள்ளன. வேல்ஸில் இதே வேலையைச் செய்பவை கம்யூனிட்டி கவுன்சில்கள். ஸ்காட்லாந்தின் ஏற்பாடு வேறு. இங்கே சொல்வது அங்கே பொருந்தாது. மிகச் சிறிய ஊர்களில் கவுன்சிலே இல்லாமல் வாக்காளர் கூட்டம் மட்டும் இருப்பதும் உண்டு.

கவுன்சிலில் குறைந்தது 5 பேர் இருப்பார்கள். பதவிக்காலம் 4 ஆண்டு, சம்பளம் கிடையாது. சின்ன ஊரில் சம்பளம் வாங்குபவர் வழக்கமாகக் கிளார்க் ஒருவர்தான். பெரும்பாலும் பகுதிநேர வேலை, சொந்த வீட்டிலிருந்தே செய்வார், சில சமயம் இரண்டு மூன்று ஊர்களுக்கு ஒரே ஆளாக இருப்பார். கடிதம், கணக்கு, சட்டம், கூட்ட அறிவிப்பு எல்லாம் அவர் வழியாகத்தான் போகும்.

நம் ஊரில் ஊராட்சித் தலைவரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைவருக்கோ எந்தவொரு கவுன்சிலருக்கோ தனியாக முடிவெடுக்கும் அதிகாரம் சட்டத்தில் கிடையாது. முடிவு கூட்டத்தில்தான். அதுவும் முன்கூட்டி வெளியிட்ட நிகழ்ச்சி நிரலில் இருக்கும் விஷயத்தில் மட்டும்தான். தலைவரைக் கடைவாசலில் பார்த்து "செஞ்சிடலாம்" என்று அவர் சொன்னாலும், கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போகாத வரை எதுவும் நகராது.

எது யாருடைய வேலை

பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. சாலைக் குழி, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, பொது நடைபாதைகள் ஆகியவை கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. குப்பை அள்ளுவதும் கட்டட அனுமதியும் மாவட்டக் கவுன்சிலின் பொறுப்பு. சில பகுதிகளில் இந்த இரண்டும் சேர்ந்து யூனிட்டரி கவுன்சில் என்ற ஒரே அமைப்பாக இருக்கும். மற்ற இடங்களும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. பாரிஷ் கவுன்சிலின் கையில் இருப்பவை: விளையாட்டுத் திடல், ஊர்ப் புல்வெளி, பெஞ்சு, பஸ் நிறுத்தக் கூரை, அலாட்மென்ட் தோட்டம் (காய்கறி போட வாடகைக்குத் தரும் துண்டு நிலம்), இடுகாடு, போர் நினைவுச் சின்னம், சில ஊர்களில் தெருவிளக்கு, ஊர்க் கடிகாரம்.

சாலைக் குழியைப் படம் எடுத்துக் கவுண்டியின் தளத்திலோ ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற புகார்த் தளத்திலோ நீங்களே பதிவு செய்யுங்கள். அங்கே கிடைக்கும் எண்ணை மட்டும் கிளார்க்குக்கு அனுப்புங்கள். ஒரே குழியைப் பற்றிப் பலர் பதிவு செய்து, கவுன்சிலும் அந்த எண்களோடு எழுதினால் தனிப் புகாரை விட எடை கூடும்.

முதல் படி: வாக்காளர் பட்டியல்

வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே செய்ய வேண்டியது இது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்தக் குடியுரிமையோடு, பிரிட்டனில் தங்கச் செல்லுபடியாகும் அனுமதி எதுவாக இருந்தாலும், 18 வயது ஆனவர்கள் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். வேலை விசாவில் இருப்பவரும் வாக்களிக்கலாம், மாணவர் விசாவில் இருப்பவரும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்த பிறகுதான் என்று காத்திருக்கும் நம்மவர்கள் ஏராளம். காத்திருக்க வேண்டியதே இல்லை. அரசுத் தளத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைக் கொடுத்துச் சில நிமிடங்களில் பதியலாம்.

2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும்.

இந்தப் பதிவுக்கு வாக்குச் சீட்டைத் தாண்டியும் பயன் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் பேசவும் கை தூக்கவும், கணக்கு வழக்கைக் கேள்வி கேட்கவும், அலாட்மென்ட் கோரிக்கையில் கையெழுத்துப் போடவும், சட்டம் உங்களிடம் கேட்கும் தகுதி பெரும்பாலும் இந்தப் பட்டியலில் உள்ள பெயர்தான்.

இரண்டாம் படி: அறிவிப்புப் பலகை, அப்புறம் ஒரு கூட்டம்

ஊர்க்கடை, பஸ் நிறுத்தம் அல்லது வில்லேஜ் ஹால் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன் நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளில் கிளார்க்கின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்திருப்பதாக இரண்டு வரி எழுதிப் போடுங்கள். நிகழ்ச்சி நிரலை மின்னஞ்சலில் அனுப்பும் பட்டியல் இருந்தால் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பல கவுன்சில்கள் மாதம் ஒருமுறை, சில இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மாலை ஏழு ஏழரைக்குக் கூடும். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஊழியர் சம்பளம், ஒப்பந்த விவரம் போன்ற இரகசிய விஷயம் வரும்போது மட்டும் வெளியே போகச் சொல்வார்கள். தொடக்கத்தில் பொதுமக்கள் பேச ஒரு கால்மணி நேரம் ஒதுக்குவது வழக்கம், ஆளுக்கு மூன்று நிமிடம் போல. அது முடிந்ததும் நீங்கள் பார்வையாளர். தலைவர் அழைத்தால்தான் பேசலாம். நடுவில் எழுந்து பேசினால் முகம் சுளிப்பார்கள். இதில் அவமதிப்பு எதுவும் இல்லை, உள்ளூர்க்காரருக்கும் அதே விதிதான்.

முதல் கூட்டத்தில் பேசாமல் இருந்து கேட்பது நல்லது. யார் புல்வெட்டைப் பார்க்கிறார், யாருக்கு நடைபாதைகள் பிடிக்கும், யார் எந்தச் செலவுக்கும் முதலில் தயங்குவார் என்பது ஒரே மாலையில் புரிந்துவிடும். 2021 பிப்ரவரியில் செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் கவுன்சிலின் இணையவழிச் சண்டை உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகவே பயந்தவர்களும் உண்டு. நான் உட்கார்ந்து பார்த்த கூட்டங்கள் அப்படி இல்லை. வடிகால், மரக்கிளை, ரசீது என்று பொறுமையாக நகரும். அந்தப் பொறுமையில்தான் ஊர் ஓடுகிறது.

பணத்தின் பாதை

உங்கள் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். கவுண்டி, மாவட்டம், காவல்துறை என்று வரிசையாகப் போய், ஓரிடத்தில் உங்கள் பாரிஷின் பெயரில் சின்னத் தொகை ஒன்று இருக்கும். அதற்கு ஆதாரம் பிரிசெப்ட் என்று பெயர்பெற்ற கோரிக்கை. அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு தேவை என்று பாரிஷ் கவுன்சில் சொல்கிறது. பில் போடும் பெரிய கவுன்சில் அதை வசூலித்துக் கொடுக்கிறது.

கணக்கு எளிது. ஊரின் வீடுகளை எல்லாம் கவுன்சில் டாக்ஸின் 'டி' பிரிவு வீடுகளாக மாற்றிக் கணக்கிட்டால் 400 என்று வைத்துக்கொள்வோம். கவுன்சில் 20,000 பவுண்டு கேட்டால், ஒரு 'டி' வீட்டுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு. 1,000 பவுண்டுக்குப் பெஞ்சு ஒன்று கூடுதலாக வேண்டுமென்றால் வீட்டுக்கு இரண்டரைப் பவுண்டு. கோரிக்கையோடு போகும்போது இந்த வகுத்தலை நீங்களே செய்துகொண்டு போங்கள். "வீட்டுக்கு இரண்டரைப் பவுண்டு, ஒரே ஒரு ஆண்டு" என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும்.

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிரிசெப்ட் முடிவாவது பெரும்பாலும் ஜனவரிக் கூட்டத்தில். அதற்கான வரைவு நவம்பரில் மேசைக்கு வரும். ஆகவே புதிய செலவு எதுவானாலும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ கேட்க வேண்டும். ஜூனில் போய்ப் புதுப் பெஞ்சு கேட்டால், அவர்களுக்கு மனம் இருந்தாலும் அந்த ஆண்டுக்கான பணம் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருக்கும்.

உடைந்த ஊஞ்சல் இந்த விதிக்கு வெளியே. ஆபத்தானது எதுவானாலும் அன்றே கிளார்க்குக்குப் படத்தோடு அனுப்புங்கள். திடலை ஆண்டுக்கொருமுறை வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பார்ப்பதும், இடையிடையே கவுன்சில் ஆட்களே சுற்றிப் பார்த்துப் பதிவு வைப்பதும் வழக்கம். காப்பீடு இருப்பதால் அறிவிப்பு வந்த பிறகு அவர்கள் சும்மா இருக்க முடியாது.

இலையுதிர் காலம்: கேட்கும் காலம்

செப்டம்பரில் கோரிக்கையை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன வேண்டும், எங்கே, ஏன், யாருக்குப் பயன், தோராயமாக என்ன விலை. இதற்கு மேல் ஒன்று சேர்த்தால் கிளார்க் உங்களை மறக்க மாட்டார்: அந்த நிலம் யாருடையது என்ற தகவல். சாலையோரப் புல்தரை பெரும்பாலும் கவுண்டியின் நெடுஞ்சாலை நிலம். அதில் பெஞ்சோ பலகையோ வைக்கக் கவுண்டியின் அனுமதி வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். அதே பெஞ்சைக் கவுன்சிலுக்குச் சொந்தமான புல்வெளியில் வைப்பதாக இருந்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நாய்க் கழிவுத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி ஒருமுறை வாங்குவது. வாரா வாரம் வண்டி வந்து அதைக் காலி செய்ய மாவட்டக் கவுன்சில் கேட்கும் கட்டணமோ ஒவ்வோர் ஆண்டும் வரும். கவுன்சிலர்கள் தயங்குவது அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான். நீங்களே அதைக் கேட்டறிந்து கோரிக்கையில் எழுதிவிட்டால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட ஒரு காரணம் குறைகிறது.

குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்று பெரும்பாலான கவுன்சில்களின் நிதி விதி சொல்லும். அதை வாங்குவது கிளார்க்கின் வேலை, அதற்குத்தான் அக்டோபர்.

வரிப்பணம் போதாத பெரிய வேலைக்கு மானியம் தேடலாம். நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட் சின்னத் திட்டங்களுக்குத் தருகிறது, பாரிஷ் கவுன்சிலும் விண்ணப்பிக்கலாம். பல கவுண்டி கவுன்சிலர்களிடமும் தங்கள் தொகுதிக்கென்று ஒரு சிறு நிதி இருக்கும். நேரில் கேட்டுப் பாருங்கள். ஊரில் புது வீடுகள் கட்டப்பட்டிருந்தால், கட்டுநர் செலுத்தும் உள்கட்டமைப்புக் கட்டணம் அந்த மாவட்டத்தில் அமலில் இருக்கும் பட்சத்தில், அதில் 15 சதவீதம் பாரிஷுக்கு வரும். ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும், வாக்கெடுப்பில் நிறைவேறிய ஊர்த்திட்டம் ஒன்று கையில் இருந்தால் அது 25 சதவீதம். இன்னொன்று: பாரிஷ் கவுன்சில் வாங்கும் பொருளுக்கான வாட் வரியைத் திரும்பப் பெறலாம். ஊர்ச் சங்கமே சறுக்குமரம் வாங்கினால் 20 சதவீதம் கூடப் போய்விடும். சங்கம் திரட்டிய பணத்தைக் கவுன்சிலுக்கு நன்கொடையாகக் கொடுத்துக் கவுன்சிலே வாங்கி, சொந்தமாக வைத்துக்கொள்வது பற்றிக் கிளார்க்கிடம் முன்கூட்டியே பேசுங்கள். விதிகள் உண்டு, ஆனால் வழியும் உண்டு.

நவம்பரின் இரண்டாம் ஞாயிறு ரிமெம்பரன்ஸ் ஞாயிறு. போர் நினைவுச் சின்னத்தருகே பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம், கவுன்சில் சார்பில் பாப்பி மலர்வளையம். தேவாலயத்துக்குள் போக விரும்பாதவர்களும் வெளியே சின்னத்தின் முன் நிற்கலாம். இரு உலகப் போர்களிலும் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் போரிட்டார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நமக்கும் அங்கே நிற்க முழு உரிமை உண்டு. ஊர்க்காரர்கள் முதல்முறையாக உங்கள் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் நாளாகவும் அது பெரும்பாலும் அமைந்துவிடுகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை மரம் நடும் காலமும்கூட. நவம்பர் கடைசியில் தேசிய மர வாரம் வரும். கன்று நட ஆள் தேடுவார்கள்.

குளிர்காலம்: முடிவெடுக்கும் காலம்

டிசம்பரில் ஊர்க் கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்கு ஏற்றுவார்கள். சாலை வழுக்காமல் தூவுவதற்கான தெருமுனை உப்புப் பெட்டி காலியாக இருந்தால் பனி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான்.

ஜனவரிக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். ஆண்டில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் நேரம் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பட்ஜெட் மேசையில் இருக்கும், ஒவ்வொரு வரியாகப் பேசுவார்கள். பார்வையாளர் நாற்காலிகள் மிகப் பெரும்பாலும் காலியாக இருக்கும் கூட்டமும் இதுதான், அது எனக்கு வருத்தமான விஷயம். பொதுமக்கள் நேரத்தில் எழுந்து, உங்கள் கோரிக்கையை ஒரு நிமிடத்தில் நினைவூட்டிவிட்டு உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் கூட வந்தால் இன்னும் நல்லது.

வசந்த காலம்: இரண்டு கூட்டங்கள், ஒரு குழப்பம்

மார்ச் 1 முதல் ஜூன் 1 வரைக்குள் பாரிஷின் ஆண்டுக் கூட்டம் நடக்க வேண்டும். மே மாதத்தில் பாரிஷ் கவுன்சிலின் ஆண்டுக் கூட்டம் நடக்க வேண்டும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. மே மாதக் கூட்டம் கவுன்சிலர்களுடையது; அதில் முதல் வேலையாகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றது ஊர் வாக்காளர்கள் எல்லோருடையது. மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டும் என்பதற்காக. பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வாக்களிக்கலாம். வில்லேஜ் ஹால் குழு, தோட்டச் சங்கம், பள்ளி என்று ஒவ்வொருவரும் ஆண்டறிக்கை வாசிப்பார்கள். தேநீரும் கேக்கும் இருக்கும். அங்கே நிறைவேறும் தீர்மானம் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஐம்பது பேர் கை தூக்கியதை எந்தக் கவுன்சிலரும் எளிதில் தள்ளிவிட மாட்டார். ஆண்டின் நடுவில் அவசரம் என்றால், ஆறு வாக்காளர்கள் சேர்ந்தே இப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டலாம்.

மார்ச், ஏப்ரலில் ஊர்க் குப்பை பொறுக்கும் நாள் வரும். கீப் பிரிட்டன் டைடி அமைப்பு நாடு முழுக்க நடத்தும் இயக்கத்தோடு சேர்த்துப் பல ஊர்கள் வைக்கின்றன. இடுக்கியும் பையும் ஒளிரும் சட்டையும் தருவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதிய குடும்பம் ஊரில் கலக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை: ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, வேலை கைகளுக்குத்தான்.

வீட்டுப் புதர்வேலியை வெட்டுவதாக இருந்தால் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம்.

கோடை: கணக்கும் கொண்டாட்டமும்

ஜூன் 30க்குள் கவுன்சில் ஆண்டுக் கணக்கை ஒப்புதல் செய்ய வேண்டும். அதன்பின் 30 வேலை நாட்கள், ஜூலையின் முதல் 10 வேலை நாட்களையும் உள்ளடக்கி, ரசீதுகளையும் ஒப்பந்தங்களையும் ஊர்க்காரர்கள் பார்க்கலாம். சந்தேகத்தோடு போக வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் புல்வெட்டுக்கு எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு என்று தெரியும். செப்டம்பர்க் கோரிக்கை எழுத அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கோடை விழாவுக்குக் கடை போட அழைப்பார்கள். சமோசாவும் வடையும் தீர்ந்துபோகும் வேகத்தைப் பார்த்து நீங்களே மகிழ்வீர்கள். பெரும்பாலும் தனிக் குழுவே விழாவை நடத்தும். கவுன்சில் திடலைக் கொடுத்து, காப்பீட்டைச் சரிபார்க்கும். உணவு விற்பதாக இருந்தால் என்ன விதி என்று அந்தக் குழுவிடமே முன்னதாகக் கேளுங்கள். ஆகஸ்டில் பல கவுன்சில்கள் கூடுவதில்லை.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ இடம் வேண்டுமென்றால், வில்லேஜ் ஹால் பல ஊர்களில் தனி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. பதிவுச் செயலாளரைப் பாருங்கள். ஊர்வாசிகளுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும். ஊர் மக்களையும் அழையுங்கள்.

மூன்று வேலைகள், கொஞ்சம் விரிவாக

அலாட்மென்ட். முழுப் பாத்தி என்பது ஏறக்குறைய 250 சதுர மீட்டர். புதிதாகத் தொடங்குபவருக்கு அது அதிகம், பாதி அல்லது கால் பாத்தி கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கும்; ஊருக்கு வந்த மாதமே பெயரைக் கொடுங்கள். கொத்தமல்லி, வெந்தயம், பூசணி, ரன்னர் பீன்ஸ் நன்றாக வரும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் கண்ணாடிக் குடில் இருந்தால் நல்லது. அமைக்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஊரில் அலாட்மென்டே இல்லையா? 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாக்காளர்கள் அல்லது கவுன்சில் டாக்ஸ் கட்டுபவர்கள் ஆறு பேர் எழுத்தில் கேட்டால், கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். அவ்வளவு பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

டிஃபிப்ரிலேட்டர். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் கிராமத்தில் இதயம் நின்றவரைக் காப்பாற்றும் கருவி. பயன்படாமல் போன சிவப்புத் தொலைபேசிக் கூண்டை பிடி (BT) தொலைபேசி நிறுவனத்திடம் 1 பவுண்டுக்கு வாங்கி அதற்குள் இதை மாட்டிய ஊர்கள் நிறைய. உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். 999க்கு அழைத்தால் பெட்டியைத் திறக்கும் எண்ணைச் சொல்வார்கள். கருவியே வாய்விட்டு வழிநடத்தும், முன்பயிற்சி கட்டாயம் இல்லை. ஆனால் ஒட்டும் பட்டைக்கும் மின்கலத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. தேசியப் பதிவேடான 'தி சர்க்யூட்'டில் கருவி பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது பக்கத்தில் இருப்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாமல் போகலாம். இதை முறையாகப் பார்க்க ஒரு தன்னார்வலர் தேவை. மருத்துவத்துறையில் இருக்கும் நம்மவர்கள் இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

வண்டி வேகம். எந்தக் கிராமத்திலும் முதல் புகார் இதுதான். வேக வரம்பைக் குறைப்பது கவுண்டியின் கையில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வேகம் காட்டும் மின்பலகை. பல கவுன்சில்கள் சொந்தமாக வைத்திருக்கின்றன. அது சேர்க்கும் வேகப் பதிவு கவுண்டியிடம் வாதாட ஆதாரமாகும். இரண்டாவது, கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச். காவல்துறை பயிற்சி கொடுத்த ஊர்த் தன்னார்வலர்கள் ஒளிரும் சட்டை போட்டு, காவல்துறை ஒப்புக்கொண்ட இடத்தில் நின்று வேகத்தைக் குறிப்பார்கள். அபராதம் கிடையாது, எச்சரிக்கைக் கடிதம் காவல்துறையிலிருந்து போகும்.

பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள் என்றால்

கட்டட விண்ணப்பத்தைப் பற்றிப் பாரிஷ் கவுன்சில் கருத்து மட்டுமே சொல்லும். முடிவு மாவட்டக் கவுன்சிலுடையது. உங்கள் கருத்தைக் கூட்டத்தில் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். மாவட்டத்தின் தளத்தில் நீங்களே எழுத வேண்டும், வழக்கமாக 21 நாட்களுக்குள். வெளிச்சம் மறைவது, வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடிவது, வண்டிப் போக்குவரத்து, வெள்ள வடிகால் போன்றவை எடுபடும். உங்கள் வீட்டின் விலை குறையும் என்பதும், ஜன்னல் காட்சி போய்விடும் என்பதும் எடுபடாது.

ஊரின் ஒரே பப் அல்லது கடை விற்பனைக்கு வரும் என்று தோன்றினால், 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டத்தின்படி அதைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியக் கவுன்சில் முன்மொழியலாம். பதிவானபின் விற்பனைக்கு வந்தால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கும்.

நீங்களே கவுன்சிலராக

ஓர் ஆண்டு இப்படிச் சுற்றி வந்துவிட்டால், யாராவது உங்களிடம் "நீங்களே சேரலாமே" என்று கேட்பார்கள். பல ஊர்களில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன.

தகுதி: 18 வயது. பிரிட்டிஷ், ஐரிஷ் அல்லது காமன்வெல்த் குடியுரிமை. காமன்வெல்த் குடிமக்கள் வாக்களிக்க எந்த விசாவும் போதும் என்றேன். போட்டியிட அது போதாது, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வேண்டும். அதோடு அந்தப் பாரிஷின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடந்த 12 மாதமும் பாரிஷிலோ அதிலிருந்து 3 மைலுக்குள்ளோ வசித்திருக்க வேண்டும், அல்லது முக்கியமான வேலையிடம் பாரிஷுக்குள் இருந்திருக்க வேண்டும்.

தேர்தல் நான்கு ஆண்டுக்கொருமுறை, மே மாதத்தின் முதல் வியாழன். முன்மொழிபவர், வழிமொழிபவர் என்று இரண்டு கையெழுத்து போதும். இடங்களுக்கு மேல் ஆள் இல்லையென்றால் போட்டியே இல்லாமல் தேர்வாகிவிடுவீர்கள். இடையில் இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு சிறு கடிதம், கூட்டத்தில் இரண்டு நிமிட அறிமுகம். பதவியேற்பு உறுதிமொழியில் கையெழுத்து, 28 நாட்களுக்குள் உங்கள் வேலை, நிலம், வீடு பற்றிய நலன் பதிவு. உங்கள் சொத்தைத் தொடும் விஷயம் வந்தால் அறிவித்துவிட்டு விலகியிருக்க வேண்டும்.

சேர்ந்ததும் உங்கள் கவுண்டியின் உள்ளாட்சிச் சங்கம் நடத்தும் புதிய கவுன்சிலர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கிளார்க்கிடம் கேளுங்கள்; கட்டணத்தைக் கவுன்சில் கட்டும். சேர்ந்தது இலையுதிர் காலம் என்றால், பயிற்சித் தேதிக்குக் காத்திருக்காமல் சென்ற ஆண்டின் பட்ஜெட்டையும் இந்த ஆண்டு இதுவரை ஆன செலவையும் முதலில் வாங்கிப் படியுங்கள். நவம்பரில் வரைவு வரும்போது அது கையில் இருக்க வேண்டும்.